ஒரே ரெக்கார்டில் பதினாறு பாட்டு

எனக்கு இங்கிலீஷ் பாட்டு புரியாது. ஒரு வரிகூடப் புரியாது. இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. ஏனென்றால் எழுபதுகளின் தொடக்கத்தில் காரிமங்கலத்தில் நான்தான் இங்கிலீஷ் வாத்தியார்.

நான் கற்ற இங்கிலீஷ் முழுக்கக் கண் வழியாக உள்ளே போனது. செய்வினை வாக்கியத்தைக் கொடுத்தால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும், செயப்பாட்டு வினையாக மாற்றித் தருவேன். ஆனால் ஒரு வெள்ளைக்காரன் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதில்லை. எனக்குக் கற்றுக் கொடுத்தவரும் கேட்டதில்லை. அவருக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரே ஒரு தடவை ஒரு துரையைத் தூரத்தில் நின்று பார்த்தாராம், அப்போதும் துரை கொட்டாவிதான் விட்டாராம். இதனால் யாருக்கும் நஷ்டம் வரவில்லை. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். காரிமங்கலத்துக்கு நான்தான் இலுப்பைப்பூ. தந்தி வந்தால் என்னிடம் ஓடி வருவார்கள். மருந்து பாட்டிலைக் கொண்டுவந்து, குடிப்பதா தடவுவதா என்று கேட்பார்கள். டீக்கடையில் பேப்பர் வந்தால் முதலில் என் கைக்குத்தான் வரும்.

இந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவர் மைக் செட் பாய். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அவர் கடை. நாலு குழாய் ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு சுற்றும் பெட்டி ஒன்று, கலர் பல்பு சரம். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் பண்டிகை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அவர் குழாய்தான் மரத்தில் ஏறும். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்பதில் மனிதர் படு கறார். விடிந்ததும் பிள்ளையார் பாட்டு. மாப்பிள்ளை இறங்கும்போது ஒன்று, பந்திக்கு ஒன்று. அழுகைப் பாட்டைத் தொடவே மாட்டார். கல்யாண வீட்டில் தப்பித்தவறி ஒரு அழுகைப் பாட்டு ஒலித்துவிட்டால், அப்புறம் அந்த வீட்டில் மாடு செத்தாலும் பழி மைக் செட்காரன் தலையில்தான் விழும். எவனும் கூப்பிட மாட்டான். அதனால் ஒவ்வொரு உறையிலும் சிவப்பு மையால் ‘கல்யாணம்’, ‘சீர்’, ‘சாமி’ என்று எழுதி வைத்திருப்பார்.

ரெக்கார்டுப் பெட்டிக்கு ஊசி வாங்கப் பெங்களூர் போன பாய் ஒரு நாள் ஏழு பெரிய ரெக்கார்டுகளோடு திரும்பினார். ஏழும் இங்கிலீஷ். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் சீமையிலும் அமெரிக்காவிலும் ஓகோவென்று ஓடிய பாட்டுகளைப் பொறுக்கி, ஒரு ரெக்கார்டுக்குப் பதினாறாகத் திணித்து, மலிவு விலையில் மறுபடி அச்சடித்த சரக்கு. அதிலும் விற்காமல் மிஞ்சிப் பிளாட்பாரத்துக்கு வந்தது. மிஞ்சியதற்கு அடையாளமாக அட்டையின் ஒரு மூலையை வெட்டியிருந்தார்கள்.

“ஆட்டுக்குக் காது வெட்டின மாதிரி இருக்குதே பாய்?” என்றேன்.

“காது வெட்டின ஆடு வேகாதா சார்?” என்றார்.

அவர் வாங்கியதற்கு இசை ஆர்வம் காரணமில்லை. சினிமாப் பாட்டு ரெக்கார்டு மூன்று நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கல்யாண வீட்டில் பாதி பிரியாணியில் எழுந்து ஓடிப்போய் மாற்ற வேண்டும். இந்தப் பெரிய ரெக்கார்டோ ஒரு பக்கம் போட்டால் இருபது நிமிஷத்துக்குமேல் ஓடும். “ஒரு மனுசன் உக்காந்து சோறு தின்ன வேணாமா சார்?” என்றார். உலகப் புகழ் பெற்ற அந்தப் பாடகர்களெல்லாம் எங்கள் பாய் நிம்மதியாகச் சாப்பிடுவதற்காகத்தான் பாடியிருக்கிறார்கள்.

முதல் அட்டையில் மஞ்சள் முடி வைத்த ஒரு பெண் சிவப்பு கவுனில், கையில் கிளாஸோடு சாய்ந்திருந்தாள். பாடுவது அவள்தான் என்று நம்பினோம். பின்னால் ஓடவிட்டுக் கேட்டபோது முதல் பக்கத்து எட்டுப் பாட்டில் ஐந்து, தொண்டையில் சரளைக்கல் உருட்டுகிற ஆண் குரல். மலிவுப் பதிப்புக்காரன் கையில் கிடைத்த படத்தை ஒட்டியிருக்கிறான். பாயின் சம்சாரம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அவள் கடைக்குள் இருக்கும்வரை வீட்டிலிருந்து சோறு வராது என்று சொல்லியனுப்பினார். ஏழு அட்டைக்கும் நோட்டுப் புத்தகத்துக்குப் போடுகிற பழுப்புத் தாளில் நானே உறை போட்டுக் கொடுத்தேன். பின்பக்கத்தில் பாட்டு வரிகள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த உதவி. வரிகள் இல்லை. அதே கம்பெனியின் வேறு ரெக்கார்டுகளின் பட்டியலை அடித்திருந்தார்கள்.

சந்தை நாளன்று கடை வாசலில் முதல் ரெக்கார்டு சுற்றியது. பூனைக்குட்டியின் வாலை மிதித்த மாதிரி ஒரு கீச்சுக் குரல் குழாயிலிருந்து பாய்ந்தது. தக்காளிக் கூடைக்காரர்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். “இங்கிலீஷ்காரன் வெரசாத்தான் பாடுவான்” என்றார் ஒரு பெரியவர். நானும் தலையாட்டினேன். என் பின்னால் காய்கறிப் பையோடு நின்ற என் மனைவி மெதுவாக, “வேகம் ஜாஸ்தியா வெச்சிருக்காருங்க” என்றாள். நான் உடனே உரக்க, “பாய், வேகம் அதிகம்! குறைங்க!” என்று ஆணையிட்டேன். பாய் ஒரு கம்பியைத் தள்ளினார். பூனைக்குட்டி மனிதனாயிற்று. சந்தையே என்னை மரியாதையோடு திரும்பிப் பார்த்தது.

என் மனைவி கோலார் தங்கவயல்காரி. மாமனாருக்குச் சுரங்கத்தில் வேலை. பெண் ஏழாவது வரை படித்திருக்கிறாள் என்று தரகர் சொன்னார். பி.ஏ. படித்த எனக்கு ஏழாவது. போகட்டும், நாம் தூக்கிவிடுவோம் என்று பெருந்தன்மையோடு தாலி கட்டினேன். கட்டிய அடுத்த மாதமே காலைக் காப்பி முடிந்ததும் அவளை உட்காரவைத்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். எங்கே ‘ஏ’ வரும், எங்கே ‘ஆன்’ வரும். பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். ஒரு தடவை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வாள். எல்லாம் என் போதனா முறையின் சிறப்பு என்று ஆசிரியர் அறையில் பீற்றிக்கொண்டிருந்தேன்.

சந்தையன்று வேகம் சரியானதும் பாய் சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். “சார், இவன் என்ன பாடறான்? எதுல எழுதறது? கல்யாணமா, சாமியா?”

முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள். எனக்குக் காதில் விழுந்தது ‘லவ்’ என்ற ஒரே சொல். அதுவும் சந்தேகம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மறுநாள் தந்தியை யாரிடம் கொண்டு போவார்கள்? பத்தாம் வகுப்புப் பையன்கள் என்னை என்னவென்று மதிப்பார்கள்? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மணமக்கள் ஆலும் வேலும் போல நீடூழி வாழணும்னு வாழ்த்தறான்” என்றேன். பாய் ‘கல்யாணம்’ என்று எழுதினார்.

ஒரு பொய்யோடு நிற்குமா? ஏழு ரெக்கார்டு, ஒன்றுக்குப் பதினாறு பாட்டு. நூற்றுப் பன்னிரண்டு பாட்டுக்கும் பொருள் சொன்னேன். எனக்கென்று ஒரு இலக்கணம் வகுத்துக்கொண்டேன். வேகமாகப் பாடினால் வாழ்த்து. இழுத்துப் பாடினால் புத்திமதி. ட்ரம்பெட் நிறைய ஊதினால் அரசர் வருகை. நடுவில் யாராவது சிரித்தால் குழந்தைப் பேறு. பாய் அவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அதோடு விட்டாரா? மைக்கைப் பிடித்து, “அடுத்து வருவது, புகுந்த வூட்டுக்குப் போற மகளுக்குத் தாயார் இங்கிலீசுல சொல்ற புத்திமதி. பொருள் சொல்லி உதவியவர், நம்ம இங்கிலீஷ் சார்!” என்று நாலு குழாயிலும் அறிவித்தார். என் புகழ் மூன்று கிராமத்துக்குக் கேட்டது.

பாய்க்கு வந்த கிராக்கியைச் சொல்ல வேண்டும். பெண் வீட்டார் சினிமாப் பாட்டு போட்டால் மாப்பிள்ளை வீட்டார் மூக்கைச் சுளிக்க ஆரம்பித்தார்கள். “அவிங்க வூட்டுல இங்கிலீஷ் செட்டு கட்டினாங்களே” என்று சண்டை வந்தது. என்னையும் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டார்கள். மைக் செட் பக்கத்தில் பெஞ்சு போட்டு என்னையும் என் மனைவியையும் உட்காரவைப்பார்கள். பாட்டு ஓட ஓட, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்கவுரை சொல்லிக்கொண்டே இருப்பேன். என் மனைவி மற்றக் கல்யாணங்களுக்குத் தலைவலி என்பாள். பாய் செட் கட்டுகிற வீடு என்றால் எனக்கு முந்தியே புடவை மாற்றிக்கொண்டு நிற்பாள். புருஷன் பெருமையை மைக்கில் கேட்க எந்தப் பெண்ணுக்குத்தான் ஆசை இருக்காது என்று நினைத்துக்கொள்வேன். இப்படி இரண்டு வருஷம் ஓடியது.

உள்ளுக்குள் எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. கூட்டத்தில் பேன்ட் போட்ட புது ஆள் யாரையாவது கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வேன். இங்கிலீஷ் தெரிந்தவனாக இருந்துவிட்டால் நான் தொலைந்தேன். பிறகு ஊரில் தலை காட்ட முடியாது. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, பழைய சாமானோடு சாமானாக லாரி ஏற வேண்டியதுதான்.

அந்தப் பயம் இண்டூரில் பலித்தது. கிணறும் பம்புசெட்டும் கரும்புக் காடுமாக வாழ்ந்த ஒரு கவுண்டர் வீட்டில் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். இங்கிலீஷ் செட்டுதான் வேண்டும் என்று காரிமங்கலத்திலிருந்து பாயை வரவழைத்திருந்தார். மாப்பிள்ளை தொப்பூர்ப் பக்கம். தாலி கட்டியாயிற்று, மேளம் ஓய்ந்தது, முதல் பந்தி உட்கார்ந்தது. பாய் ‘தாயார் புத்திமதி’யைப் போட்டுவிட்டு இலைக்கு முன்னால் போய் அமர்ந்தார். ஒரு பெண் குரல், இழுத்து இழுத்து, அடித்தொண்டையிலிருந்து. ட்ரம்பெட் ஒன்று அவள் பின்னாலேயே முனகிக்கொண்டு போகும். நான் வழக்கம்போலப் பக்கத்திலிருந்தவரிடம், “மாமியார் சொல் தட்டாதே மகளேன்னு சொல்றா, கவனிங்க” என்று ஆரம்பித்தேன்.

“நிறுத்துங்கய்யா பாட்டை!”

மாப்பிள்ளையின் தாய்மாமன். முறுக்கு மீசை, சட்டையில் பட்டாள மெடல். இலையிலிருந்து எழுந்தே விட்டார். “இது என்னா பாட்டுன்னு தெரியுமா உங்களுக்கு? பட்டாளத்துல வெள்ளக்கார ஆபீசர் செத்தா, பொட்டிய எறக்கறப்போ இப்படித்தான் ஊதுவான். எங்க பையன் தாலி கட்டி அரை மணி ஆகல, எழவுப் பாட்டு போடறீங்களா?”

பந்தி அப்படியே நின்றது. சாம்பார் வாளி நின்றது. பெண்ணின் தாயார் வாயைப் பொத்திக்கொண்டார். கவுண்டர் பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். கையில் பிசைந்த சோறு, முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“சார், நீங்க சொல்லுங்க” என்றார் கவுண்டர். “இது எழவுப் பாட்டா?”

எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்வதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்கே பட்டது. இரண்டு வருஷமாக எத்தனை கல்யாணத்தில் ஒப்பாரி வைத்தேனோ என்று கணக்குப் போட்டேன். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று பாடம் நடத்துகிறவனுக்கு அன்று வாயே எழவில்லை.

பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நேரே அந்தப் பட்டாளத்து மாமன் எதிரில் போய் நின்று, இங்கிலீஷில் பேசினாள்.

நான் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் இல்லை அது. ‘ஏ’யும் ‘ஆன்’ஐயும் தேடிப்பிடித்து நிறுத்தி வைத்த இங்கிலீஷ் இல்லை. மடை திறந்த மாதிரி ஓடியது. கையை ஆட்டி, புருவத்தை ஏற்றி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டு நிறுத்தினாள். எனக்கு அதில் பாதி புரிந்தது என்று சொன்னால் அதுவும் பொய். மாமனுக்கு என்னைவிடக் குறைச்சலாகத்தான் புரிந்திருக்க வேண்டும். மீசையைத் தடவிக்கொண்டு, “எஸ்… எஸ் மேடம்” என்றார். பட்டாளத்தில் அவருக்குச் சமையல் கட்டில் வேலை என்று பிறகு தெரிந்தது.

அவள் கவுண்டர் பக்கம் திரும்பினாள். “இது சாவுப் பாட்டு இல்லீங்க. புருசன் பொண்டாட்டி பாட்டுதானுங்க. புருசனையே நெனச்சுக்கிட்டு ஒரு பொண்ணு பாடறது. சத்தியமாச் சொல்றேங்க.”

“அம்மாவுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?”

“எல்லாம் சார் சொல்லிக் குடுத்ததுதாங்க” என்றாள், என்னைக் கைகாட்டி.

கவுண்டர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஏழாவது படித்த பொண்டாட்டியை இப்படி ஆக்கியிருக்கிறார், வாத்தியார் என்றால் இவரல்லவா வாத்தியார் என்று பந்தி முழுக்கப் பேச்சு. பாய் விட்ட பெருமூச்சில் எதிர் இலை அப்பளம் பறந்திருக்கும். போட்ட பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார்கள். பட்டாளத்து மாமன் தாளம் போட்டுக்கொண்டே பாயசம் குடித்தார். நான் மட்டும் எதையும் சாப்பிடவில்லை.

மத்தியானம் தருமபுரி வந்து, காரிமங்கலம் பஸ் ஏறினோம். அவளுக்கு ஜன்னல் ஓரம். பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு கேட்டேன்.

“உனக்கு எங்கேருந்து வந்தது இந்த இங்கிலீஷ்?”

“எங்கம்மா ஒரு சட்டைக்காரங்க வூட்ல சமையல் வேலை செஞ்சாங்க” என்றாள். ஆங்கிலோ இந்தியரைத் தங்கவயலில் அப்படித்தான் சொல்வார்கள். “நான் அந்த வூட்டுப் புள்ளைங்களோடயேதான் வளந்தேன். பதினாலு வயசு வரைக்கும். வூட்டுக்குள்ள இங்கிலீசுதான். பெரியவரு சாயங்காலம் குளிச்சிட்டு வந்தா, இந்தப் பாட்டெல்லாம் போடுவாரு. அப்புறம் எல்லாரும் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு என்கிட்ட ‘ஏ’ ‘ஆன்’ எல்லாம் படிச்சே?”

“நீங்க ஆசையாச் சொல்லித் தந்தீங்க.”

கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கினேன். மீதியைச் சரிபார்க்காமல் பைக்குள் போட்டேன்.

“இன்னிக்குப் பாட்டுக்கு நெஜமா என்ன அர்த்தம்?”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. “நான் பொய் சொல்லலீங்க. புருசன் பாட்டுதான். அந்தப் பொண்ணோட நகையெல்லாம் எடுத்துக்கிட்டு, அவ தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு, புருசன் ரயிலேறிட்டான். இவ சாராயத்தைக் குடிச்சிட்டு ஸ்டேசன்ல உக்காந்திருக்கா. திரும்பி வந்தான்னா துப்பாக்கியால சுடறதுக்கு.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அந்த ஆலும் வேலும்?”

“அவன் ஜெயில்ல இருக்கானுங்க. நாளைக்குத் தூக்கு.”

“அரசர் வருகை?”

“கோழி திருடப் போறவன்.”

கடவுளே என்று தலையில் கை வைத்தேன். காரிமங்கலத்திலிருந்து இண்டூர் வரை எத்தனை ஜோடிகளைத் தூக்குக் கைதியை வைத்து வாழ்த்தியிருக்கிறேன்! அத்தனை பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். இரண்டு வீட்டில் இரட்டைக் குழந்தை.

“ரெண்டு வருஷமா நான் உளறினதெல்லாம் உனக்குத் தெரிஞ்சிருக்கு. ஏன் ஒரு வார்த்தை சொல்லல?” என்றேன். “என் மானம் போயிடும்னுதானே?”

அப்படித்தான் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் அந்த பஸ்ஸிலேயே அவள் கையைப் பிடித்து அழுதிருப்பேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அதுவும்தாங்க” என்றாள். மரியாதைக்காகச் சொன்னது அப்பட்டமாகத் தெரிந்தது. பிறகு, “நெஜத்தைச் சொன்னா பாய் என்ன செய்வாரு? அத்தனையும் பரண் மேல தூக்கிப் போட்டுருவாரு. அப்புறம் நான் எங்க போய்க் கேக்கறது? நம்ம வூட்ல ஒரு ரேடியோகூட இல்லியே” என்றாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் மானம் இவளுக்கு இரண்டாம் பட்சமா? கோபம் அடங்கியதும் வெட்கம் வந்தது. அது அடங்கவில்லை. என் வீட்டில் ஒருத்தி இரண்டு வருஷமாக ஒன்றுக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அதற்காக யார் யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ புடவை கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் அவளுக்கு ‘ஆன் ஆப்பிள்’ சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“சரி. இனிமே நீ அர்த்தம் சொல்லு. பாய் நோட்டுல எல்லாத்தையும் சரியா மாத்தி எழுதிடலாம்” என்றேன். எனக்குத் தெரிந்த பிராயச்சித்தம் அதுதான்.

“ஐயோ, வேணாங்க!” என்று பதறிப்போய்த் திரும்பினாள். “சரியா எழுதினா ஒரு பாட்டைக்கூடக் கல்யாணத்துல போட முடியாது. நீங்க எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க. நல்லாத்தான் சொல்றீங்க. ஒரே ஒரு உபகாரம் மட்டும் பண்ணுங்க.”

“என்ன?” என்றேன். எதுவானாலும் செய்துவிடுவது என்றிருந்தேன்.

“பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லி முடிச்சிருங்க. ஓடறப்போ பக்கத்துல உக்காந்து பேசிட்டே இருக்கீங்க. ரெண்டு வருசமா ஒரு பாட்டையும் முழுசாக் கேக்க வுடலீங்க.”